அட்டையில் ஐயாயிரம் வாட்

கொங்கு நாட்டுத் தனியார் பேருந்தில் பாட்டு என்பது தொழிலோடு சேர்ந்த விஷயம். அந்தியூரிலிருந்து பவானிக்கோ ஈரோட்டுக்கோ கோபிக்கோ போக நிற்பவர், அடுத்தடுத்து இரண்டு வண்டி வந்தால் உட்கார இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இரண்டிலும் இடம் இருந்தால் எதில் நல்ல பாட்டு ஓடுகிறதோ அதில் ஏறுவார். முதலாளிக்கும் நடத்துநருக்கும் இது தெரியும். டயருக்குக் கணக்குப் பார்க்கிற முதலாளிகூட ஸ்பீக்கருக்கு அவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை. பேருந்தில் தொடங்கிய இந்தப் பழக்கம் மினி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் காய்கறி ஏற்றும் சின்ன லோடு வண்டிக்கும் பரவி, இன்று மாதத் தவணையில் எடுத்த புதுக் காருக்கும் வந்துவிட்டது. கார் வாங்கிய பையன் சீட் கவருக்கு அடுத்தபடியாகக் கேட்பது ‘பேஸ்’.

கடைக்காரர் எடுத்து வைக்கும் ஆம்ப்ளிஃபயர் அட்டைப்பெட்டியில் ஐயாயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். “கண்ணாடியே ஆடுமுங்கண்ணா” என்பார். அதே விலைக்கு மூவாயிரம் வாட் பெட்டியும் பக்கத்தில் இருக்கும். இரண்டில் எது என்பதுதான் கேள்வி என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். கேள்வியே அது இல்லை. அந்தப் பேஸைத் தரும் சப்வூஃபருக்கு ஆம்ப்ளிஃபயர் எடுக்கும்போது வாட் கடைசியாகப் பார்க்க வேண்டியது. வண்டி எவ்வளவு மின்சாரம் தரும், சப் எவ்வளவு வாங்கும், எவ்வளவு பெரிய இடத்தை நிரப்ப வேண்டும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் வாட் தானாக வந்து நிற்கும். நம் ஊர்க்காரருக்கு இது புதிதில்லை. போர் எத்தனை அடி, பைப் எத்தனை அங்குலம், கரண்ட் சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்று கேட்காமல் எந்த விவசாயியும் ஹெச்.பி.யை மட்டும் பார்த்து மோட்டார் எடுப்பதில்லை.

கோவைப் பக்கத்தில் வண்டிக்கும் ரேடியோவுக்கும் உறவு பழையது. கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சி–பழநி தடத்தில் ஒரே ஒரு பேருந்தோடு தொழிலைத் தொடங்கினார். அதுதான் யூ.எம்.எஸ். என்ற பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இல் அறிவித்தவரும் அவரே. அப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்தில், பெட்டியில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம் என்பது கொஞ்சம் உறுத்துகிறது.

அட்டையில் உள்ள எண்ணைச் சோதிக்கப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். இஞ்சின் ஓடும்போது கார் பாட்டரியில் பெரும்பாலும் 14.4 வோல்ட்டுக்குள்தான் இருக்கும். டேஷ்போர்டில் இருக்கும் டெக், அந்த வோல்ட்டை உயர்த்தாமல் நேராகவே ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதனால் கொடுக்கக்கூடிய சுத்தமான பவர், 14.4-ஐ அதே எண்ணால் பெருக்கி 8-ஆல் வகுத்தது. 26 வாட் வரும். இதற்கு மேல் இயற்பியல் விடாது. டெக்குகளில் பரவலாக இருக்கும் டி.டி.ஏ. 7388 ஐ.சி.யைச் செய்த நிறுவனமே தன் குறிப்பேட்டில் நான்கு சேனலுக்கும் தலா 26 வாட் என்றுதான் போட்டிருக்கிறது, அதுவும் 10 சதவீத ஒலிச் சிதைவோடு. உச்சம் 45 வாட் என்று இன்னொரு வரியும் அதில் உண்டு. டெக் முகப்பில் ‘50 x 4’ என்று ஏறுவது அந்த வரியின் வாரிசு.

நம் ஊர் அசெம்பிள் செட்டுகளின் பழைய நாயகன் 4440 போர்டு. சான்யோவின் எல்.ஏ. 4440 ஐ.சி.யை வைத்துச் செய்தது. ஆட்டோவிலும் வேனிலும் சீட்டுக்கு அடியில் ஒரு தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து இரண்டு தலைமுறைக்குப் பாட்டுப் போட்ட போர்டு அது. பழுதானால் சில ரூபாயில் மாற்றிவிடலாம், எந்த ஊரிலும் கிடைக்கும். அதன் உண்மையான அளவு, ஸ்டீரியோவில் தலா 6 வாட், இரண்டையும் பாலமாக (பிரிட்ஜ்) இணைத்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 19 வாட். இருநூறு வாட் என்று சொல்லி விற்றவர்களும் உண்டு, வாங்கிச் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. சந்தோஷம் பொய் இல்லை. நல்ல பெட்டியில் உட்கார்ந்த ஒரு ஸ்பீக்கர், ஆட்டோ அளவு இடத்தில், 19 வாட்டுக்கே காதை நிறைக்கும். பெரிய அசெம்பிள் செட்டுகளில் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடியை எண்ணி வாட் சொல்வார்கள். அந்த ஜோடியை 100 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றது என்று தோஷிபா தன் தாளில் எழுதியிருக்கிறது. கடையில் ஒரு ஜோடிக்கு இருநூறு முந்நூறு என்று ஏறிவிடும்.

இப்போது சப்வூஃபருக்குத் தனி ஆம்ப் எதற்கு என்பது விளங்கும். 26 வாட் சுவரைத் தாண்ட வேண்டுமென்றால் முதலில் வோல்ட்டை ஏற்ற வேண்டும். கார் ஆம்புக்குள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அந்த வேலையைச் செய்யும் கன்வெர்ட்டர்தான். பாட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி, உள்ளே பிளஸ், மைனஸ் இரு பக்கமும் பல மடங்காக உயர்த்திப் பிறகுதான் பாட்டைப் பெருக்குகிறது. ஏற்றிய வோல்ட்டுக்கு விலையாகப் பாட்டரியிடமிருந்து ஆம்பியர் ஆம்பியராக இழுக்கும். ஆகவே ஆம்பின் உண்மையான பலத்தை முகப்பில் தேடக்கூடாது, ஃப்யூஸில் தேட வேண்டும்.

கடையிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஆம்பைத் திருப்பி, ஒயர் மாட்டும் பக்கத்தில் இருக்கும் ஃப்யூஸ்களைக் கூட்டுங்கள். இரண்டு 30 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் 60. அதை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 828 வாட் உள்ளே போகலாம். கரண்டைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கிளாஸ் டி வகை ஆம்ப் என்றால் அதில் ஐந்தில் நான்கு பங்கு வெளியே வரும், சுமார் 660 வாட். பழைய வகையான கிளாஸ் ஏபி என்றால் பாதிதான், 410 வாட் சொச்சம். இந்த ஆம்பின் அட்டையில் ஐயாயிரம் என்று போட்டிருந்தால், போட்டவரிடம் மீதிக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். ஃப்யூஸ் பெரிதாக இருப்பதாலேயே வாட் அதிகம் என்று தலைகீழாகவும் முடிவு கட்டிவிடக்கூடாது. பெரிய ஃப்யூஸைக் காட்டுக்காகச் செருகும் கம்பெனிகளும் இருக்கின்றன. ஃப்யூஸ் கூரையைத்தான் சொல்லும்.

ஒழுங்கான கம்பெனி என்றால் ஆர்.எம்.எஸ். வாட்டை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவரை, எந்த வோல்ட்டில், எத்தனை ஓமில், எத்தனை சதவீத ஒலிச் சிதைவோடு என்று சொல்லும். அமெரிக்க நுகர்பொருள் மின்னணுச் சங்கம் 2003-இல் கொண்டுவந்த 2006 என்ற எண்ணுள்ள அளவுகோல் இதற்கென்றே உண்டாக்கப்பட்டது. 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேல் போகாத ஒலிச் சிதைவு என்பது அதன் அடிப்படை. பெட்டியிலோ கையேட்டிலோ அந்த எண் இருந்தால் அட்டைக்கும் ஆம்புக்கும் ஓரளவு உறவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ‘மேக்ஸ்’, ‘பீக்’, ‘பி.எம்.பி.ஓ.’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் உள்ள எண்களை வாசிக்காமலே விட்டுவிடலாம்.

கிளாஸ் டி-யா, ஏபி-யா என்ற சண்டை சப்வூஃபர் விஷயத்தில் முடிந்துபோனது. 400 வாட் வெளியே தர, டி வகை ஆம்ப் சுமார் 36 ஆம்பியர் இழுக்கும், ஏபி 58 ஆம்பியர். அந்த வித்தியாசம் முழுக்கச் சூடாகப் போகிறது. ஈரோடு மாவட்டத்துச் சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டிக்கி ஏற்கெனவே அடுப்பு. அதற்குள் இன்னொரு அடுப்பைப் பற்றவைத்தால் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். கதவு ஸ்பீக்கர்களுக்கு ஏபி இனிமை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்த இனிமையைக் கேட்டுப் பிரித்துச் சொல்லும் காது இருப்பதாக எனக்கு நம்பிக்கை இல்லை. சப்புக்கு மோனோ பிளாக் என்று கடையில் சொல்லும் ஒற்றைச் சேனல் டி வகையை எடுங்கள்.

அடுத்து ஓம். அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே ஆம்ப் 4 ஓமில் 300 வாட் தரும், 2 ஓமில் 500 தரும், 1 ஓமில் சிலது 800 கூடத் தரும். கடையில் சொல்வது கடைசி எண், நம் சப் இருப்பது முதல் எண்ணில் என்றால் பாதிக் காசு வீண். இரட்டைக் காயில் சப்புகள் இந்த இடத்தில் உதவும். தலா 4 ஓம் உள்ள இரண்டு காயிலைப் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம், தொடர் இணைப்பில் 8 ஓம். தலா 2 ஓம் என்றால் 1 அல்லது 4. ஆகவே சப்பையும் ஆம்பையும் ஒரே நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். ஆம்ப் எந்த ஓம் வரை தாங்கும் என்று கையேட்டில் இருக்கிறதோ அதற்குக் கீழே போகவே கூடாது. ‘ஓமைக் குறைத்தால் பேஸ் கூடும்’ என்பது பாதி உண்மை. மறு பாதியில் ஆம்ப் கருகும். ஏற்கெனவே கையில் இருக்கும் இரண்டு சேனல் ஆம்பைப் பாலமாக இணைத்து 4 ஓம் சப்பை ஓட்டலாம். அப்போது ஒவ்வொரு சேனலும் 2 ஓமைப் பார்க்கும். அந்த ஆம்பையே 2 ஓம் சப்பில் பாலமாக இணைத்தால் ஒவ்வொன்றும் 1 ஓமைப் பார்க்கும். பெரும்பாலான இரண்டு சேனல் ஆம்புகள் அதைத் தாங்கா.

எத்தனை வாட் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். காது கணக்குப் போடும் விதம் நம் பணத்துக்குச் சாதகமாக இல்லை. பவரை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். கூர்ந்து கேட்டால் தெரியும் வித்தியாசம் அது. சத்தம் இரண்டு மடங்கு ஆனமாதிரித் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பவர் பத்து மடங்கு ஆகவேண்டும். 300 வாட் ஆம்புக்கும் 600 வாட் ஆம்புக்கும் விலையில் பெரிய தூரம், காதில் சின்ன அடி. அதே 3 டெசிபலை வேறு வழியில் கிட்டத்தட்ட இலவசமாகவே வாங்கலாம். 84 டெசிபல் உணர்திறன் உள்ள சப்புக்குப் பதில் 87 உள்ளதை எடுத்தால் போதும். மூடிய பெட்டிக்குப் பதில் சரியாகக் கணக்கிட்ட துளைப்பெட்டி போட்டாலும் அந்தத் துளை ஒத்திசைக்கும் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் அதே அளவோ அதற்கு மேலோ கிடைக்கும். பெட்டி செய்யும் ஆசாரிக்குக் கொடுக்கும் கூலி, ஆம்பில் போடும் கூடுதல் பணத்தைவிட அதிகம் பேசும். துளைப்பெட்டி என்றால் ஆம்பில் ‘சப்சானிக்’ வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திசைவுக்குக் கீழே போகும் ஒலியில் கோன் பிடிமானமில்லாமல் வெளியே துள்ளும். அதை அடக்குவது அந்த வடிகட்டிதான்.

இடத்தின் அளவு பற்றி நம் கடைகளில் யாரும் பேசக் கேட்டதில்லை. இந்தக் கேள்வியில் மிகச் சுவையான பகுதி என்று நான் நினைப்பது அதைத்தான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். காரின் உட்புறம் 2.7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 63 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலையின் பாதிகூட உள்ளே அடங்காது. அப்போது காருக்குள் இருக்கும் காற்று முழுவதையும் சப் ஒட்டுமொத்தமாக அழுத்தி இழுக்கிறது, பேஸ் தானாகவே கூடுகிறது. காரில் சின்ன சப் பெரிதாக முழங்குவதன் ரகசியம் இது. கண்ணாடியை இறக்கினால் அந்த முழக்கம் சரிவதற்கும் காரணம் இதுவே. பேருந்தின் உட்புறம் 10 மீட்டர். அங்கே இந்தச் சலுகை சுமார் 17 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும், பாட்டில் அவ்வளவு கீழே எதுவும் இல்லை. போதாக்குறைக்கு டவுன் வண்டியில் கதவு திறந்தே கிடக்கும், ஜன்னல்களும் திறந்திருக்கும். காரில் அதிரவைத்த அதே சப்பைப் பேருந்தில் மாட்டினால் எங்கே போனது என்று தேட வேண்டும். நீள வாக்கில் அலைகள் மோதித் திரும்புவதால் கடைசி சீட்டில் இடி, நடு சீட்டில் வெறுமை என்றும் ஆகும். பேருந்துக்காரர்கள் பத்தாயிரம் வாட் தேடி ஓடுவதை நான் கேலி செய்யமாட்டேன், அவர்களுடைய கஷ்டம் உண்மையானது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது ஒரு ராட்சத சப் இல்லை. நடுத்தர அளவில் இரண்டை முன்னும் பின்னுமாகப் பிரித்து வைத்து, தரைக்குப் பக்கத்தில் ஒழுங்கான பெட்டி கொடுப்பதே அங்கே வேலை செய்யும்.

எந்தப் பாட்டு என்பதும் ஆம்பைத் தீர்மானிக்கும். நம் தடங்களில் ஓடுவதில் பெரும்பங்கு எண்பதுகளின் இளையராஜா. அந்தப் பாடல்களின் அடித்தளம் பேஸ் கிட்டார். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் அடிக்கம்பியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், பெரும்பாலான ஓட்டம் அதற்கு மேலேதான். 28 ஹெர்ட்ஸில் தரையை நடுக்கும் கருவி இதற்குத் தேவையே இல்லை. புதுப் படங்களின் குத்துப்பாட்டில் கணினியில் உண்டாக்கிய 30, 35 ஹெர்ட்ஸ் முழக்கம் வரும். அது வேண்டும் என்பவருக்குத்தான் பெரிய கோன், பெரிய பெட்டி, கூடுதல் வாட் எல்லாம். திருவிழாவில் ஜமாப் மேளம் அடிக்கிறவர் நெஞ்சில் தரும் குத்து பெரும்பாலும் 60-க்கும் 120-க்கும் நடுவில் இருக்கிறது. அந்தக் குத்தைத் தருவது சப் மட்டும் இல்லை, கதவு ஸ்பீக்கர்களும்தான்.

பேருந்து, லாரிகளுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. அவை 24 வோல்ட்டில் ஓடுகின்றன, இரண்டு பாட்டரி தொடராக. கடையில் உள்ள கார் ஆம்புகள் எல்லாம் 12 வோல்ட். பல பட்டறைகளில் செய்யும் குறுக்கு வழி, இரண்டு பாட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை உருவிக்கொள்வது. கொஞ்ச நாள் பாடும். பிறகு உருவப்பட்ட பாட்டரி எப்போதும் அரைப் பட்டினி, மற்றது எப்போதும் மிகைச் சார்ஜில். இரண்டும் காலத்துக்கு முன்னே போகும். காலையில் முதல் நடைக்கு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் சப்பின் மேல் சந்தேகம் வராது. முறையான வழி 24-க்கு 12 கன்வெர்ட்டர். 30 ஆம்பியர் கன்வெர்ட்டர் தருவது 360 வாட், அதிலிருந்து டி வகை ஆம்ப் 290 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. பெரிய ஆம்ப் என்றால் கன்வெர்ட்டரும் பெரிதாக வேண்டும். சிலர் 24 வோல்ட்டில் நேராக ஓடும் சின்ன டி வகை போர்டுகளை வாங்குகிறார்கள். அதில் அதிகம் விற்பது 3116 எண்ணுள்ள ஐ.சி. போட்டது. அந்த ஐ.சி.க்குப் பரிந்துரைத்த எல்லை 26 வோல்ட். ஓடும் பேருந்தில் சார்ஜ் வோல்ட்டேஜ் 28-ஐத் தொடும். போர்டு மேல் 24 வோல்ட் என்று எழுதியிருப்பது அடாப்டரில் மாட்டுபவருக்கு, டைனமோவில் மாட்டுபவருக்கு இல்லை. கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டும்போதே மின்சாரத்துக்கும் ஆடியோவுக்கும் தனித் தனி ஒயர் இழுத்து வைக்கச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

டைனமோ என்றே நம் ஓட்டுநர்கள் சொல்லும் ஆல்டர்னேட்டர், சின்னக் கார்களில் பெரும்பாலும் 60 முதல் 90 ஆம்பியர் தரும். ஏ.சி., ஹெட்லைட், இஞ்சின் கணினி, ஃபேன் எல்லாம் அதில் பங்கு கேட்கும். ஐடிலில் அந்த உற்பத்தி இன்னும் குறையும். பாட்டு எப்போதும் உச்சத்தில் ஓடுவதில்லை, சராசரி இழுவை உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள்ளேதான் இருக்கும் என்பதால் 400, 500 வாட் ஆர்.எம்.எஸ். வரை சாதாரணக் காரில் எதையும் மாற்றாமல் ஓட்டலாம். அதைத் தாண்டினால் ஹெட்லைட் பாட்டோடு சேர்ந்து கண்சிமிட்டத் தொடங்கும். கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பளபளப்பான குழாயை விற்பார்கள். அது ஒரு கண நேரத்துக்கு உதவும், இல்லாத கரண்டை உண்டாக்காது. ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவும் குதிரை மாட்டுச் சந்தையும் நடக்கும் நாட்களில் அந்தியூர் புதுப்பாளையத்தைச் சுற்றி வண்டிகளை நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் ஓடவிடுவார்கள். 40 ஆம்பியர்-ஹவர் பாட்டரியில் சராசரி 20 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் பாதி காலி. அதற்கு மேல் கார் பாட்டரியை இறக்கினால் அதன் ஆயுளே குறையும். பாட்டுக்கு ஆடப் பழகிய நாட்டியக் குதிரைகளுக்கே மேளம் போதும் என்றிருக்கும் இடத்தில், டிக்கியைத் திறந்து வைத்துப் போட்டி போடுவதற்கு எனக்குக் காரணம் புரிந்ததில்லை.

ஒயரை அலட்சியம் செய்வது நம் ஊர் வழக்கம். ஆம்போடு இலவசமாகத் தரும் ‘கிட்’ ஒயர் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். கனமான ரப்பருக்குள் மெல்லிய கம்பி. பாட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்று வையுங்கள். 8 கேஜ் என்று சொல்லும் எட்டரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 50 ஆம்பியர் போனால் அரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். அதே தடிமனில் அலுமினியம் கலந்தது என்றால் முக்கால் வோல்ட்டுக்கு மேல். 4 கேஜ், அதாவது 21 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் 0.2 வோல்ட்தான். வெல்டிங் பட்டறைக்குச் செம்பு கேபிள் விற்கும் கடையில் 25 சதுர மில்லிமீட்டர் கேபிளை மீட்டர் கணக்கில் வாங்கலாம். வளைவதற்கு இலகு, செம்பா என்று நுனியைச் சுரண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃப்யூஸ் கட்டாயம். ஆம்பில் இருக்கும் ஃப்யூஸ் ஆம்பைக் காக்கும், பாட்டரிப் பக்கத்து ஃப்யூஸ்தான் வண்டியைத் தீயிலிருந்து காக்கும். எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய பாடித் தகட்டில், அதே தடிமனில், குட்டையாகக் கொடுக்க வேண்டும். பாதிப் புகார்களில் குற்றவாளி அந்த எர்த்தாக இருக்கும்.

கம்பெனி டெக்கையே வைத்துக்கொண்டு சப் மட்டும் சேர்ப்பவர்கள் இப்போது அதிகம், புது வண்டிகளில் டெக் திரையோடு ஒட்டிப்போய்விட்டதால். ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் வாங்கும் ‘ஹை லெவல்’ நுழைவு உள்ள ஆம்பை எடுத்தால் ஒயரை வெட்டாமல், கப்ளர் மாட்டியே வேலை முடியும். வாரண்டி பற்றிய வாக்குவாதமும் மிச்சம்.

மாட்டி முடித்தபின் திருகும் திருகுகளில்தான் சப் வாழ்வதும் சாவதும் இருக்கிறது. ஆம்பில் இருக்கும் கெயின் என்ற திருகு வால்யூம் இல்லை. டெக்கின் வால்யூமை முக்கால் அளவில் வைத்து, பேஸ் பூஸ்டைப் பூஜ்ஜியமாக்கி, சப்பைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்பின் வெளிமுனையில் மல்டிமீட்டரை ஏ.சி.யில் வையுங்கள். 2 ஓமில் 400 வாட் வேண்டுமென்றால் 28 வோல்ட் காட்டும் இடத்தில் கெயினை நிறுத்த வேண்டும். 4 ஓமில் 300 வாட் என்றால் 34.6 வோல்ட். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எந்த ஆம்புக்கும் இந்த எண் வந்துவிடும். ‘குறைந்த வாட் ஆம்ப் சப்பை எரித்துவிடும்’ என்று கடைகளில் ஒரு பேச்சு உண்டு. ஆம்ப் சின்னதாக இருப்பதால் எதுவும் எரிவதில்லை. சின்ன ஆம்பை வலுக்கட்டாயமாகத் திருகி அலையின் தலையைச் சீவினால், 200 வாட் ஆம்ப் 400 வாட்டை நெருங்கிய சூட்டைக் காயிலுக்குள் இறக்கும். எரிவது அதனால். சப்பின் ஆர்.எம்.எஸ்.க்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ ஆம்பை எடுத்து, கெயினில் கட்டுப்பாடாக இருப்பது நல்லது.

ஊருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த அளவு ‘ஏ’ எடையிட்ட டெசிபல், காது குறைவாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து எண்ணுவது. அந்த எடையில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 30 டெசிபல் தள்ளுபடி. மீட்டர் வரம்புக்குள் காட்டும்போதே பக்கத்து வீட்டுப் பாத்திரம் அலமாரியில் ஆடுவது இதனால்தான். நீண்ட அலைகள் சுவரைச் சட்டை செய்வதில்லை. சட்டத்தின் காதில் விழாத பேஸ், கைக்குழந்தையின் காதில் விழும். 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் மேல் மோதி ஒன்பது பேர் இறந்தபின், பளிச்சிடும் விளக்குகளும் அதிரும் ஒலிக் கருவிகளும் பொருத்திய சுற்றுலாப் பேருந்துகள்மீது கேரள உயர் நீதிமன்றம் கடுமை காட்டியது. அந்த விபத்துக்கு ஆடியோதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பின்னால் வரும் ஹாரனும் ஆம்புலன்ஸும் கேட்காத அளவு சத்தம் ஓட்டுநரின் இருக்கையில் இருக்கக்கூடாது என்பதற்கு நீதிமன்றம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாளையாறைத் தாண்டிக் கேரளத்துக்குள் போகும் நம் வண்டிக்காரர்கள் அங்கே நடக்கும் சோதனைகளை நன்றாக அறிவார்கள்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு போகும் சின்னக் காருக்குச் சீட்டுக்கு அடியில் ஆம்போடு சேர்ந்தே வரும் எட்டு அங்குல சப் போதும். 50 முதல் 125 வாட் ஆர்.எம்.எஸ்.தான், டிக்கியில் அரிசி மூட்டைக்கு இடம் மிஞ்சும். பேஸ் பிரியருக்கு 10 அல்லது 12 அங்குல சப் ஒன்று, மூடிய பெட்டி, 2 ஓமில் 300 முதல் 500 வாட் தரும் மோனோ பிளாக், 4 கேஜ் செம்பு. இதற்கு மேல் போவது பந்தயம், அதைப் பாட்டுக் கேட்பது என்று சொல்ல முடியாது. லோடு வண்டிக்கும் ஆட்டோவுக்கும் 4440-இன் காலம் முடிந்தது, அதே விலைப்பக்கத்தில் கிடைக்கும் சின்ன டி வகை போர்டு பாதிச் சூட்டில் இரண்டு மடங்கு வேலை செய்யும். பேருந்துக்காரர் முதலில் கன்வெர்ட்டருக்குக் காசு ஒதுக்கட்டும், ஆம்பை அப்புறம் பார்க்கலாம்.

கடையில் நிற்கும்போது எத்தனை ஓமில் எத்தனை ஆர்.எம்.எஸ். என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலாக மறுபடியும் ஐயாயிரம் என்று வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். எல்லாம் வாங்கியபின் கையில் காசு மிஞ்சினால் அதை ஆம்பில் போடாதீர்கள், முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்றுங்கள். பாடுகிறவரின் குரல் அங்கிருந்துதான் வருகிறது.